ஸ்ட்ராப் தோளை அறுக்கிறது, முதுகுப் பக்கம் மேலே ஏறுகிறது: பிரா அளவு தப்பா, போடும் விதம் தப்பா?

திண்டுக்கல் டீச்சர்:

எனக்கு வயது 38, மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. தினமும் ஐந்தாறு வகுப்பு, எல்லாமே நின்றுகொண்டுதான். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இங்கே எல்லோரும் பெண்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் பிராவின் அடிப்பகுதியும் கூடவே மேலே ஏறுகிறது. மதியத்துக்குள் முதுகில் அது தோள் எலும்பு வரை போய்விடும், முன்னால் மார்பு இறங்கிவிடும். இறங்காமல் இருக்கட்டும் என்று காலையிலேயே ஸ்ட்ராப்பை நன்றாக இழுத்துக் குட்டையாக்கிப் போடுகிறேன். வீட்டுக்கு வந்து கழற்றும்போது இரண்டு தோளிலும் பள்ளம் விழுந்து சிவந்திருக்கிறது, கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. இதில் இடது ஸ்ட்ராப் மட்டும் அடிக்கடி நழுவி பிளவுஸ் ஓரத்தில் தெரிகிறது. பிள்ளைகள் முன்னால் அதைச் சரிசெய்யவும் முடியாது, விடவும் முடியாது.

போடுவது 38 பி. கம்பி இல்லாத, பேட் வைக்காத பருத்தி பிரா. கடையில் புடவைக்கு மேலேயே டேப் வைத்து, மார்பைச் சுற்றி அளந்து, 38 என்று எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அதே அளவுதான் வாங்குகிறேன். கொக்கியை முன்னால் மாட்டி, பின்னால் திருப்பி, அப்புறம் கையை நுழைத்துப் போடுவது பழக்கம். அகலமான ஸ்ட்ராப் உள்ளதாக வாங்கினால் இது தீருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர் அக்கா:

வணக்கமுங்க டீச்சர். திருப்பூரில் உள்ளாடை தைக்கும் கம்பெனியில் செக்கிங்கில் ரொம்ப வருஷம் இருந்தேன். இப்போது வீட்டு முன்னறையிலேயே பெண்களுக்கு மட்டும் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். அளவெடுக்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வாரத்துக்கு நாலு பேராவது என் கடைக்கு வந்து அப்படியே சொல்கிறார்கள்.

அகலமான ஸ்ட்ராப் வாங்கினால் பள்ளம் கொஞ்சம் குறையும், வலி போகாது. மார்பின் எடையைப் பெரும்பாலும் தாங்க வேண்டியது விலா எலும்பைச் சுற்றி வரும் அடிப்பட்டை. ஸ்ட்ராப்புக்கு உள்ள வேலை கப்பை உடம்போடு ஒட்டி நிறுத்துவது, அவ்வளவுதான். ஒரு பிராவில் இருபதுக்கும் மேல் துண்டுகள் இருக்கும். அதில் அழுத்தமான எலாஸ்டிக்கை அடிப்பட்டைக்குத்தான் வைப்போம், செக்கிங்கிலும் முதலில் இழுத்துப் பார்ப்பது அதைத்தான். அந்தப் பட்டை உங்கள் உடம்பைவிடப் பெரிதாக இருந்தால் எடை முழுக்கத் தோளுக்குப் போய்விடும். இடுப்பில் வைக்க வேண்டிய குடத்தைக் கயிற்றில் கட்டித் தோளில் தொங்கவிட்ட மாதிரி. நீங்கள் ஸ்ட்ராப்பை இழுத்துக் குட்டையாக்க, அது பின்பட்டையை மேலே தூக்குகிறது. பின்னால் ஏற ஏற முன்னால் இறங்கும். இறங்கியதைப் பார்த்து மறுபடி இழுப்பீர்கள். இதுதான் தினமும் நடக்கிறது.

ஸ்ட்ராப் நழுவுவதும் இதனால்தான் இருக்கும். சுற்றளவு பெரிய பிராவில் முதுகுப் பக்கம் அகலம், அதனால் இரண்டு ஸ்ட்ராப்பும் தள்ளித் தள்ளித் தைத்திருப்பார்கள். சிறிய முதுகில் அவை தோளின் ஓரத்தில் போய் உட்காரும், அங்கே சரிவு, இறங்கிவிடும். எந்தத் தோளில் கைப்பை மாட்டுகிறீர்கள் என்றும் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருக்காது.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இரண்டு சோதனை செய்யுங்கள். பிராவைப் போட்டுக்கொண்டு இரண்டு ஸ்ட்ராப்பையும் தோளிலிருந்து இறக்கி விடுங்கள். அடிப்பட்டை இருந்த இடத்தில் நிற்க வேண்டும். சரிந்து வயிற்றுப் பக்கம் வந்தால் லூஸ். அடுத்தது, பிராவைத் திருப்பி, கப் முதுகிலும் கொக்கி முன்னாலுமாக மாட்டிப் பாருங்கள். இப்படிப் போட்டால் மார்பு பட்டையை இழுக்காது, பட்டை மட்டும் உங்கள் உடம்புக்குச் சரியா என்று தெரிந்துவிடும். கொக்கி இருக்கும் இடத்தில் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். முஷ்டியே நுழைந்தால் அது உங்கள் அளவு இல்லை.

அப்புறம் இன்ச் டேப் எடுத்து இரண்டு அளவு எடுத்து இங்கே போடுங்கள். மார்புக்குக் கீழே, மூச்சை விட்ட பிறகு, டேப்பை உடம்போடு ஒட்டி இறுக்கமாக ஒன்று. மார்பின் எடுப்பான இடத்தில், பேட் இல்லாத பிராவோடு, டேப்பைத் தொட்டும் தொடாமலும் வைத்து ஒன்று. கண்ணாடி முன்னால் நில்லுங்கள். முதுகில் டேப் இறங்கியிருந்தால் கணக்கு தப்பிவிடும். கடைகளில் புடவைக்கு மேலே அளப்பது எனக்கு மனம் பொறுக்காத விஷயம். அப்படி அளக்கும் யாரையும் நம்பி உள்ளாடை வாங்காதீர்கள்.

திண்டுக்கல் டீச்சர்:

ரொம்ப நன்றி அக்கா. ஸ்ட்ராப்பை இறக்கியதும் பட்டை நேராக இடுப்புக்கே வந்துவிட்டது. மார்புக்குக் கீழே 33 இன்ச், எடுப்பான இடத்தில் 38 இன்ச். 33-ஐ வைத்து என்ன வாங்குவது? 34 என்றால் நாலு இன்ச் குறைகிறதே, மூச்சு முட்டாதா?

திருப்பூர் அக்கா:

டீச்சர், நீங்கள் கணக்கு எடுப்பவர், சொன்னால் உடனே பிடிபடும். எண் என்பது அடிப்பட்டையின் சுற்றளவு. இரட்டைப்படை எண்களில்தான் வரும். 33-க்கு அடுத்தது 34. எழுத்து என்பது எடுப்பான அளவுக்கும் அந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவற்றில் ஒரு இன்ச் என்றால் ஏ, இரண்டு பி, மூன்று சி, நாலு டி. உங்களுக்கு 38-லிருந்து 34 போக மீதி நாலு. 34 டி.

டி என்றதும் பயப்பட வேண்டாம். என் கடையிலும் பாதிப் பேர் அந்த எழுத்தைக் கேட்டதும் முகம் மாறுகிறார்கள், நான் அவ்வளவு பெரிசா என்பார்கள். எழுத்து தனியாக எதையும் சொல்வதில்லை. எண்ணில் ஒரு அளவு குறைத்து எழுத்தில் ஒன்று கூட்டினால் கப்பின் கொள்ளளவு மாறாது. 38 பி, 36 சி, 34 டி மூன்றும் உள்ளே பிடிப்பது ஒரே அளவுதான். அதனால்தான் உங்களுக்குக் கப் ஓரளவு சரியாக இருந்திருக்கிறது, நீங்களும் சந்தேகப்படவில்லை. பட்டைதான் இரண்டு அளவு பெரிசு. மார்பைச் சுற்றி 38 வந்தது, அதையே எண்ணாக எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். நம் பக்கம் நடக்கிற பெரும்பாலான தப்பு இந்த ஒன்றுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. மார்புக்குக் கீழே வரும் அளவோடு நாலோ ஐந்தோ கூட்டி எண் எடுக்கும் பழைய முறை அது. சில பெட்டிகளின் அட்டவணை இன்னும் அப்படித்தான் போட்டிருக்கிறது. உங்கள் 33-உடன் ஐந்தைக் கூட்டினாலும் அதே 38-தான் வரும். இணையத்தில் வாங்குவதாக இருந்தால் அந்தக் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்து, எதை எதோடு கழிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். லேபிளில் 75, 80 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். அது சென்டிமீட்டர் கணக்கு, அதையும் அந்தக் கம்பெனியின் அட்டவணையோடு சேர்த்துப் பாருங்கள்.

மூச்சு முட்டுமா என்று கேட்டீர்கள். துணியைப் பொறுத்தது. பின்பட்டை முழுக்க எலாஸ்டிக் கலந்த துணி என்றால் 34 தாராளமாகச் சரியாக இருக்கும். சாதா பருத்தித் துணியில் தைத்து, கொக்கிப் பக்கம் மட்டும் கொஞ்சம் எலாஸ்டிக் வைத்தது என்றால் அது இழுபடாது. அதில் 36 சி எடுத்துப் பாருங்கள். 38-லிருந்து நேரே 34-க்கு வருவது முதல் சில நாள் இறுக்கமாகத்தான் தெரியும். ஆழமாக மூச்சு இழுக்க முடிகிறதா, உட்கார்ந்து எழ முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது இறுக்கம் இல்லை, பிடிமானம். லேசான தடம் விழுந்து கொஞ்ச நேரத்தில் மறைந்துவிட வேண்டும். தோல் உரிந்தாலோ, விலாவில் வலித்தாலோ அதைப் போடாதீர்கள்.

புது பிராவை எப்போதும் வெளி வரிசைக் கொக்கியில், அதாவது மிக லூஸான கண்ணில் மாட்டி வாங்க வேண்டும். மூன்று வரிசைக் கண் வைத்துத் தைப்பது அதற்குத்தான். எலாஸ்டிக் துவளத் துவள உள்வரிசைக்குப் போகலாம். வாங்கும்போதே உள்வரிசையில்தான் சரியாக இருக்கிறது என்றால், நாளைக்குப் போக இடம் இல்லை.

இனி போடும் விதம். முதலில் இரண்டு கையையும் ஸ்ட்ராப்புக்குள் விடுங்கள். இடுப்பிலிருந்து முன்னால் குனியுங்கள், மார்பு தானாகக் கப்புக்குள் இறங்கும். குனிந்தபடியே பின்னால் கொக்கியை மாட்டுங்கள். நிமிர்வதற்கு முன் வலது கையை இடது கப்புக்குள் விட்டு, அக்குள் பக்கம் ஒதுங்கியிருக்கும் சதையை முன்னால் அள்ளிக் கப்புக்குள் வையுங்கள். அடுத்த பக்கமும் அப்படியே. நிறையப் பேருக்கு மார்பின் ஒரு பங்கு அக்குள் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும், அதைக் கொழுப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். இப்படி அள்ளி வைத்த பிறகுதான் கப் போதுமா போதாதா என்று சொல்ல முடியும். மேல் ஓரத்தில் பிதுங்கினால் கப் சிறிசு, துணி சுருங்கிக் கிடந்தால் பெரிசு.

நிமிர்ந்த பிறகு பின்பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து விடுங்கள். முன்னாலும் பின்னாலும் ஒரே மட்டத்தில், தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஸ்ட்ராப்பைக் கடைசியில்தான் தொட வேண்டும். தோளுக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவே ஒரு விரல் சுகமாக ஓட வேண்டும். ஸ்ட்ராப்பின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஏற்றி இறக்கும் வளையம் முதுகில் இருந்தால் கழற்றிவிட்டு, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி போட்டுப் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு தடவை சரியாக வைத்துவிட்டால் போதும். இரண்டு பக்கமும் ஒரே நீளம் வைக்க வேண்டும் என்றும் இல்லை. யாருக்கும் இரண்டு மார்பும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. கப்பைப் பெரிய பக்கத்துக்குப் பார்த்து எடுத்து, சின்னப் பக்கத்தின் ஸ்ட்ராப்பைச் சற்றுக் குட்டையாக்கினால் போதும்.

கொக்கியை முன்னால் மாட்டித் திருப்புவது பெரிய குற்றம் இல்லை. பட்டை இறுக்கமாக இருக்கும்போது திருப்பினால் எலாஸ்டிக்கும் தோலும் இழுபடும். கை பின்னால் போகிறவர்கள் பின்னால் மாட்டிப் பழகுவது நல்லது.

மேலூர் பொண்ணு:

அக்கா, குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை இருக்கிறது. வலது தோள் இறுகிப்போய்க் கை பின்னால் போகவே மாட்டேன் என்கிறது. பிரா போட நான்தான் உதவி செய்கிறேன். அதற்கு அவர் சங்கடப்பட்டு, இப்போது வெளியே வருவதையே குறைத்துக்கொண்டார். இன்னொன்று, அடிப்பட்டை இறுக்கமாகப் போட்டாலோ கறுப்பு பிரா போட்டாலோ மார்பகப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, அது?

நைட் டூட்டி சிஸ்டர்:

நான் செவிலியர். புற்றுநோய் விஷயத்தை நான் சொல்கிறேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம் 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மாதவிடாய் நின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் எந்த வயதில் பிரா போட ஆரம்பித்தீர்கள், நாளைக்கு எத்தனை மணி நேரம், கம்பி வைத்ததா, கப் அளவு என்ன என்றெல்லாம் கேட்டார்கள். எதற்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. கறுப்பு நிறத்துக்கும் தொடர்பு இல்லை. இந்தச் செய்தியை அனுப்புகிறவர்கள், கட்டி தட்டுப்படுகிறதா, தோல் குழிந்திருக்கிறதா, காம்பு உள்ளே போயிருக்கிறதா, அதிலிருந்து நீரோ ரத்தமோ வருகிறதா என்று பார்க்கச் சொல்லி அனுப்பினால் ஊருக்கு உபயோகமாக இருக்கும். இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். மார்புக்குக் கீழே மடிப்பில் வியர்வை தேங்கிச் சிவந்து அரிப்பெடுக்கும், நாற்றமும் வரலாம். அது பூஞ்சையாக இருக்கலாம். பவுடரைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். கழுவி, ஒற்றித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பருத்தி பிரா போடச் சொல்லுங்கள். சரியாகவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். கடையில் தானாகக் கேட்டு வாங்கும் களிம்பு பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, அது பூஞ்சையை இன்னும் வளர்த்துவிடும்.

பால் கொடுக்கும் தாய்மார்கள் யாராவது இதைப் படித்தால்: கம்பி வைத்ததும் மார்பை அமுக்குவதும் வேண்டாம். பால் கட்டிக்கொள்ளக் காரணமாகலாம். கர்ப்பத்தில் எடுத்த அளவு பால் ஊறிய பிறகு பொருந்தாது, மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

டீச்சருக்கு: தோள் பள்ளத்தோடு கை விரல் வரை மரத்துப்போவது, குறுகுறுப்பது இருந்தால் பிராவை மாற்றியதோடு நிறுத்தாமல் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

திருப்பூர் அக்கா:

சிஸ்டர் சொன்னது ரொம்பச் சரி. மேலூர்க் கண்ணு, அம்மாவுக்கு முன்பக்கம் கொக்கி வைத்த பிரா வாங்கிக் கொடு. கடையில் கேட்டுப் பார். போடும்போது வலிக்கிற கையை முதலில் ஸ்ட்ராப்புக்குள் விட வேண்டும், நல்ல கை அப்புறம். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுத்துவிட்டு வலிக்கிற கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். பெரிய கொக்கியாக, நாலைந்துக்கு மேல் இல்லாததாகப் பார். விரல் நடுங்குகிறவர்களுக்குச் சின்னக் கொக்கி வரிசையாக இருந்தால் கஷ்டம்.

பின்பக்கக் கொக்கிதான் வீட்டில் இருக்கிறது என்றால், ஸ்ட்ராப்பை முழு நீளத்துக்கு லூஸ் செய்துவிட்டு, பட்டையை இடுப்புக்கு மேலே ஒல்லியான இடத்தில் முன்னால் கொக்கி மாட்டித் திருப்பட்டும். அப்புறம் மேலே ஏற்றி, வலிக்கிற கையை முதலில் நுழைக்கட்டும். தலை வழியாகப் போடும் ஸ்போர்ட்ஸ் பிரா அவருக்கு வேண்டாம், கையைத் தூக்கியாக வேண்டும். இதைத் தானாகப் போட முடிந்துவிட்டால் அம்மா பழையபடி வெளியே வருவார், நீ பாரேன்.

துவைப்பது பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. நல்ல பிரா வாங்கி அதைக் கொல்வது சூடு தண்ணீரும் பிளீச்சிங்கும் முறுக்கிப் பிழிவதும்தான். கையில் மிதமான சோப்பு போட்டு அலசி, அமுக்கித் தண்ணீரை எடுங்கள். மெஷினில் போட்டால் கொக்கியை மாட்டி வலைப்பையில் போடுங்கள். ஸ்ட்ராப்பைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஈர எடையில் அது நீண்டுவிடும், நடுவில் மடித்துக் கொடியில் போடுங்கள். ஒரே பிராவைத் தினமும் போடாமல் ஒரு நாள் விட்டுப் போட்டால் எலாஸ்டிக் பழைய நிலைக்கு வரும்.

துண்டுக்கு அடியிலும் நைட்டிக்கு அடியிலும் ஒளித்துக் காயவைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வீட்டு ஆண்கள் பார்த்துவிடுவார்கள் என்று அரை ஈரத்தோடு எடுத்துப் போடுகிறார்கள், சிஸ்டர் சொன்ன அரிப்பு அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஆண்களின் பனியன் நடு வாசலில் காய்கிறது, நம்முடையதும் துணிதான். காற்று வரும் நிழலில் வெளிப்படையாகப் போடுங்கள்.

திண்டுக்கல் டீச்சர்:

அக்கா, எலாஸ்டிக் கலந்த பின்பட்டை உள்ளதாகப் பார்த்து 34 டி வாங்கினேன். முதல் இரண்டு கடையில் அந்த அளவே இல்லை என்றார்கள், 38-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். மூன்றாவது கடையில் கிடைத்தது. முதல் நாள் சாயங்காலம் விலாவில் கொஞ்சம் உறுத்தியது, இப்போது பழகிவிட்டது. போர்டில் மேல் வரி வரை எழுதினாலும் பட்டை நகரவில்லை. ஸ்ட்ராப்பை லூஸாக வைத்திருக்கிறேன், தோளில் சிவப்பு இல்லை. விரல் மரத்துப்போவது எல்லாம் எனக்கு இல்லை சிஸ்டர், கேட்டதற்கு நன்றி.

ஒரு சின்னப் பிரச்சினை. மார்பு மேலே வந்ததால் பழைய பிளவுஸ் எல்லாம் முன்னால் கோணலாக நிற்கிறது. டாட், அதாவது மார்பு வளைவுக்காகத் துணியை மடித்துத் தைத்திருப்பது, முடிகிற இடத்தில் காற்றுப்பை மாதிரி உப்பிக்கொண்டு, அதற்கு மேலே இழுக்கிறது. பத்துப் பன்னிரண்டு பிளவுஸ் இருக்கிறது, எல்லாவற்றையும் தூக்கிப் போடவா?

திருப்பூர் அக்கா:

தூக்கிப் போடாதீர்கள். டெய்லர் தோளிலிருந்து மார்பு முனை வரை அளந்துதான் டாட் பிடிக்கிறார். நீங்கள் பழைய பிராவோடு போய் அளவு கொடுத்தீர்கள், அப்போது முனை கீழே இருந்தது. இப்போது மேலே வந்துவிட்டது, டாட் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. புது பிராவைப் போட்டுக்கொண்டு, பழைய பிளவுஸில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு டெய்லரிடம் போங்கள். தோளிலிருந்து முனை வரை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். சாதா டாட் பிளவுஸ் என்றால் டாட்டைப் பிரித்து, எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு மேலே ஏற்றித் தைத்துவிடலாம். அதைப் போட்டு ஒரு நாள் பள்ளிக்குப் போய்ப் பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். கட்டோரி பிளவுஸில் மார்புத் துண்டையே தனியாக வெட்டித் தைத்திருப்பார்கள், அதை ஏற்ற முடியாது. அதுபோல எத்தனை இருக்கிறது என்று முதலில் பிரித்து வையுங்கள். இனிமேல் தைக்கக் கொடுக்கும்போது அளவு பிளவுஸ் என்று பழையதைக் கொடுத்துவிடாமல், உடம்பில் அளக்கச் சொல்லுங்கள்.